அறுபத்து நான்கு துளி

பதிவு 1. நிலா, வடக்குக் கதவு. நாள் 212, 09:10
காவலன் தொம்மை எழுதுவது. பதினாறு இயந்திரங்களும் ஓடுகின்றன. வெப்பம் சரி.

யார் படிப்பார்களோ, விளக்கமாகவே எழுதுகிறேன். இந்தக் கதவு கையால் திறக்காது. வருகிறவர் அனுப்பும் கோரிக்கையை நான் பொது ஏட்டின் ஒரு பக்கத்தில், அதாவது ஒரு பிளாக்கில், ஏற்ற வேண்டும். இயந்திரங்கள் ஓர் எண்ணை ஊகித்துக்கொண்டே இருக்கும். சரியான எண் சிக்கினால் பிளாக்குக்கு முத்திரை விழும், அதில் ஏறிய கோரிக்கைக்குக் கதவு திறக்கும். நாங்கள் அதைத் 'தாயம் விழுந்தது' என்போம். சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒன்று. எந்தக் கோரிக்கையை ஏற்றுவது என்பது என் இஷ்டம்.

கதவுகளை நடத்தும் சங்கத்தின் புதுச் சுற்றறிக்கை வந்தது. பிளாக்குக்கு இவ்வளவு என்று தந்த சம்பளம் இன்றோடு நின்றது. இனி வருகிறவர் கட்டும் கட்டணம் மட்டும்தான். கோரிக்கை ஏறாவிட்டால் அவர் கட்டணத்தை இரட்டிப்பாக்கலாமாம். எழுதின மகராசன் வீட்டில் அடுப்பு அணையாது போலும்.

பதிவு 2. 13:30
ஒரு வண்டியும் வரவில்லை. ஊருக்குப் போகும் கப்பல் வெள்ளிக்கிழமை. இருக்கைக்கு அறுநூறு துளி; இங்கே காசு அதுதான். கையில் 540. அடுத்த கப்பலுக்கு நான்கு வருடம். இன்னும் நான்கு வருடம் இந்தத் தகரக் கூண்டில் கிடந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

பதிவு 3. 16:40
ஜெசிந்தா வந்திருக்கிறாள். பனிக்கட்டி ஏற்றிவரும் ஓட்டுநர், எங்கள் தூத்துக்குடிக்காரி. என் கப்பல் புலம்பலை முழுதாகக் கேட்ட ஒரே ஜீவன்.

"அண்ணே, காத்துக் குழா கிழிஞ்சிட்டு. ஆறு பத்து வரைக்குந்தான் தாங்கும். ரெண்டு துளி போட்டிருக்கேன், ஏத்திவிடுங்க."

ஒன்றரை மணி நேரம் இருக்கிறதே. "நெரிசலா இருக்கும்மா, கொஞ்சம் பொறு" என்று அனுப்பினேன். வரிசையில் அவளைத் தவிர யாருமில்லை.

பதிவு 4. 17:21
16:52, 17:01, 17:12, 17:21. நான்கு தாயம். நான்கையும் காலியாக விட்டேன். கட்டணம் இப்போது 32.

"எனக்காக நீங்க பாடுபடுறீங்கன்னு தெரியும்ண்ணே. எப்படியும் ஏத்திருவீங்க."

வெட்கமாகத்தான் இருக்கிறது. இன்னும் ஒன்றே ஒன்று.

பதிவு 5. 17:31
ஐந்தாவதும் காலி. 64 போட்டுவிட்டாள். போதும். கோரிக்கையை ஏற்றிவிட்டேன். முப்பத்தொன்பது நிமிடம் மிச்சம். நான்கு தாயமாவது விழும். அவளுக்கு வேண்டியது ஒன்று.

பதிவு 6. 17:49
விழவில்லை. ஓரங்கட்டி வைத்திருந்த இரண்டு பழைய இயந்திரங்களையும் ஓட்டுகிறேன்.

பதிவு 7. 17:58
விழவில்லை. பத்து நிமிடம் என்பது சராசரி. தாயக்கட்டைக்கு முந்தின ஆட்டம் ஞாபகம் இருக்காது. இந்தத் தொழிலில் முதல் நாளே சொல்லித்தருவது இதைத்தான். கணக்குப் போட்டேன். நாற்பது நிமிடம் விழாமலே போக நூற்றில் இரண்டு வாய்ப்பு.

"அண்ணே, நூத்தி இருபத்தெட்டு போடட்டுமா?"

"வேண்டாம்மா. கூட்டிப் போட்டாலும் சீக்கிரம் விழாது."

பதிவு 8. 18:01
"அப்ப அஞ்சு தடவ எதுக்குண்ணே கூட்டுனேன்?"

பதிவு 9. 18:04
ஏடு பொது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பார்த்துவிட்டாள்.

"அஞ்சு பிளாக்கும் காலியாக் கெடக்கு. நெரிசல்னீங்களே."

இயந்திரத் திரையையே பார்க்கிறேன். விழு, சனியனே, விழு.

பதிவு 10. 18:08
"கப்பலுக்குத்தான? ஒரு வார்த்த கேட்டிருந்தா... சும்மாவே தந்திருப்பேனே..."

பதிவு 11. 18:10
மூச்சு மட்டும் கேட்கிறது.

18:13
அதுவும் இல்லை.

பதிவு 12. 18:23
தாயம் விழுந்தது. கதவு திறந்தது. வண்டி தானாக உள்ளே வந்து நின்றது. 64 துளி வரவு. கண்ணாடி வழியாக அவள் முகம் தெரிகிறது. கண் மூடவில்லை. நான்தான் கொன்றேன். வேறு எப்படி எழுதினாலும் பொய்.

பதிவு 13. 19:05
சங்கத்தின் செய்தி: "வடக்குக் கதவுக்குப் பாராட்டு. இரண்டு துளிக் கோரிக்கையைக் காக்கவைத்து அறுபத்து நான்காக உயர்த்திய உமது தேர்வு முறை, நாளை முதல் பதினொரு கதவுகளிலும் விதியாகும். இயந்திரங்களே அதைச் செய்யும். மறுப்பு இருந்தால் 20:00 மணிக்குள், 64 துளி கட்டணத்துடன் அனுப்புக."

அவள் செத்தது அவர்களுக்குத் தெரியாது. அதைக் கேட்கும் கட்டமே படிவத்தில் இல்லை.

பதிவு 14. 19:52
கையில் 604. மறுப்பு அனுப்பினால் 540. தெற்குக் கதவுக்கு நாளை பள்ளிக்கூட வண்டி வருகிறது. முப்பது பிள்ளைகள். மறுப்பை எழுதி முடித்துவிட்டேன். விரல் பொத்தான் மேல்தான் இருக்கிறது

பதிவு 15. 20:01
அனுப்பவில்லை. பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன்.