அணைக்கரையில் எதிர்காற்று

5 ஜனவரி 2025, ஞாயிறு

இந்த வருஷத்திலிருந்து எங்கள் ஜோகூர் மாநிலத்தில் ஞாயிறுதான் லீவு. பத்து வருஷமாக வெள்ளிக்கிழமை தூங்கிப் பழகிய உடம்புக்கு அது தெரியுமா? விடியுமுன் எழுந்து ஸ்கூல் வேன் சாவியைத் தேடியது. எங்கள் ஊர் குளுவாங்கே குறட்டை விடுகிறது, நான் மட்டும் சட்டை போட்டு நிற்கிறேன்.

மத்தியானம் மகள் லோஷினி புருஷன் ஊரான பாலோவிலிருந்து வந்தாள். ஏழாம் மாதம். 26-ம் தேதி இங்கே நம் வீட்டில் வளைகாப்பு. உட்கார்ந்ததும் சொன்னாள்: “அத்தை வரலையாம்மா. உங்க மருமகனை மட்டும் அனுப்புறாங்களாம்.”

எங்கள் பக்கத்தில், புருஷன் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மாமியார்தான் முதல் வளையல் போட வேண்டும். அவர் வராவிட்டால் ஊரே கேட்கும். ஊரை விடு, பிள்ளையின் முகம் வாடிக் கிடக்கிறது.

தப்பு என்னுடையதுதான். சம்பந்தி தேன்மொழி தினமும் காலையில் ஓடுகிறவர். தீபாவளிக்கு அவர் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னால், “சம்பந்தி யாரைப் பிடிக்க இந்த ஓட்டம் ஓடுறாங்க?” என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். புருஷனை இழந்து மூன்று வருஷமான பொம்பளை. தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். அன்றிலிருந்து போனும் இல்லை, பேச்சும் இல்லை.

7 ஜனவரி

19-ம் தேதி நம் ஊர் ஏரியைச் சுற்றி ஓட்டப் பந்தயமாம். பன்னிரண்டு கிலோமீட்டர். சம்பந்தி பேர் கொடுத்திருக்கிறார். லோஷினியிடம் சொல்லி நானும் கொடுத்துவிட்டேன். அவர் வீட்டுக்குப் போனால் தலைவலி என்று படுத்துக்கொள்கிறார். ஏரிக்கரையில் எங்கே படுப்பார்?

வீட்டுக்காரர் கேட்டார்: “மன்னிப்புக் கேக்கப் பன்னிரண்டு கிலோமீட்டரா செல்லம்? வாட்ஸ்அப் என்னாச்சு?”

“ரெண்டு நீலக் கோடு விழுந்து ஒரு மாசமாச்சு.”

“அப்ப சரி. ஓடு.”

9 ஜனவரி

அரை கிலோமீட்டர் ஓடினேன். மீதியை வேனில் போய் அளந்து பார்த்தேன். ரொம்பத் தூரம்.

12 ஜனவரி, ஞாயிறு

மழை. ஓடவில்லை. லோஷினி போனில் கூப்பிட்டாள். நானாகத்தான் கேட்டேன், உன் அத்தை இந்த வயதில் எதற்கு இப்படி ஓடுகிறார் என்று. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

“மாமாவுக்கு இனிப்பு நீர் வியாதி முத்திக் காலை எடுத்தாங்க இல்ல? அவர் போன மறுமாசம் அத்தைக்கும் இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாரும்மா. யார்கிட்டயும் சொல்லாதேன்னாங்க. பேரப்பிள்ளையத் தூக்கிட்டு நடக்க ரெண்டு காலும் வேணுமாம்.”

யாரைப் பிடிக்கன்னு கேட்டேனே. இந்த வாய்தானே கேட்டுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சேர்ந்து சிரிச்சேன் — ஐயோ, சத்தமா வேற சிரிச்சேன்.

14 ஜனவரி

பொங்கல். பால் பொங்கியது. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இவர் பாத்திரத்தை வழித்து உதவினார்.

17 ஜனவரி

இரண்டு கிலோமீட்டர், நிற்காமல். பக்கத்து வீட்டு நாய் பாதி தூரம் துணைக்கு வந்து, பிறகு சலித்துப் போய்த் திரும்பிவிட்டது.

சொல்ல வேண்டியதை ஓடும்போது சொல்லிப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் நடுவில் ஒரு கிண்டல் வந்து விழுகிறது. எடுத்துப் போட்டால் அடுத்தது வருகிறது.

19 ஜனவரி, ஞாயிறு

உட்கார முடியவில்லை. படுத்துக்கொண்டே எழுதுகிறேன்.

காலையிலிருந்தே காற்று. தொடக்கத்தில் கட்டியிருந்த பலூன் வளைவு ஒரு பக்கம் சாய்ந்து, நாலு பேர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஏரியை மூன்று முறை சுற்ற வேண்டும். ஒவ்வொரு சுற்றின் கடைசிப் பக்கத்திலும் அணைக்கரை வரும். அங்கே மரம் கிடையாது. காற்று நேராக முகத்தில் அறையும்.

சம்பந்தியைத் தேடினேன். முன்வரிசையில் நின்றார். நான் கூட்டத்தை விலக்குவதற்குள் ஊதல் ஊதிவிட்டார்கள். அவர் போய்விட்டார்.

முதல் சுற்றைப் பாதி ஓடி, பாதி நடந்து முடித்தேன். தண்ணீர் கொடுத்த மலாய்ப் பிள்ளைகள் “சிக்கிட் லாகி, மாக்சிக்!” என்று கத்தினார்கள். ஆன்ட்டிக்கு இன்னும் கொஞ்சம்தானாம். பொய்யைக்கூட எவ்வளவு அன்பாகச் சொல்கிறார்கள்!

இரண்டாவது சுற்றில் அணைக்கரை ஏறியபோது பின்னால் காலடிச் சத்தம். யாரோ என்னைத் தாண்டாமல் ஒட்டியே வருகிறார்கள். திரும்பிப் பார்த்தேன். சம்பந்தி. அவருக்கு அது மூன்றாவது சுற்று. குச்சி உடம்பைக் காற்று தள்ளித் தள்ளி விட்டிருக்கிறது. முகம் வெளுத்திருந்தது. காற்றுக்கு மறைவாகப் பிடித்துக்கொண்ட அகலமான முதுகு யாருடையது என்று நான் திரும்பிய பிறகுதான் அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

விலகிப் போவார் என்று நினைத்தேன். போகவில்லை.

நான் நடந்தால் அவரும் நடக்க வேண்டியிருக்கும். அதனால் ஓடினேன். ஆயுசில் அப்படி ஓடியதில்லை. ஓடிக்கொண்டே காற்றைப் பார்த்துச் சொன்னேன். எதிர்காற்று, என் பேச்சு நேராக அவரிடம்தான் போகும்.

“சம்பந்தி, நான் கேட்டது தப்பு. உங்க கஷ்டம் எனக்குத் தெரியாது. தெரியாட்டியும் ஒரு பொம்பளைய அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. நாலு பேர் சிரிக்கிறதுக்காகக் கேட்டேன். மன்னிச்சிடுங்க.”

கிண்டல் ஒன்றும் வரவில்லை. மூச்சே வரவில்லை, கிண்டல் எங்கே வரும்!

அவர் பதில் சொன்னாரா? சொல்லியிருந்தாலும் காற்று பின்பக்கம் கொண்டுபோயிருக்கும். கரை முடிந்து செம்பனை மரங்கள் வந்ததும் என் பக்கத்தில் வந்தார். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார்.

“கையைக் கொஞ்சம் இறக்கி ஓடுங்க. தோள் வலிக்கும்.”

அவ்வளவுதான். போய்விட்டார்.

நேரம் முடிந்தது என்று என்னை இரண்டாவது சுற்றோடு நிறுத்திவிட்டார்கள். பதக்கம் கிடையாது, ஒரு வாழைப்பழம். சம்பந்தியைத் தேடினேன். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களில் மூன்றாவதாக வந்து, பரிசை வாங்கிக்கொண்டு பாலோ பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாராம்.

கேட்டதா, கேட்கவில்லையா?

22 ஜனவரி

தோள் வலிக்கிறது.

25 ஜனவரி

நாளைக்கு வருவாரா என்று லோஷினியிடம் கேட்டேன். “அத்தை ஒண்ணும் சொல்லலம்மா” என்றாள். கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறாராம். கூடாரம் போட்டாயிற்று. அறுபது நாற்காலி.

26 ஜனவரி, ஞாயிறு

பத்து மணிக்கு நேரம் குறித்திருந்தோம். சம்பந்தி ஏழரைக்கே வந்துவிட்டார், கையில் ஒரு வாளி புளிச்சாதத்தோடு. வாசலில் நின்ற இவரிடம் “அடுப்பு எங்க இருக்கு?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் பின்பக்கம் போனாராம். முதல் வளையலை அவர்தான் போட்டார்.  

எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு, கூடாரத்தின் கீழே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் ஒரு வெற்றிலையை மடித்து வாயில் அடைத்துக்கொண்டேன். கிண்டல் ஏதும் வந்துவிடுமோ என்று பயம்.

அவரே பேசினார். “அவருக்குக் காலை எடுத்த பிறகும் வாசல்ல ரெண்டு செருப்பையும் சோடியாதான் வச்சிருந்தேன். ஒருநாள் அவரே ஒண்ணைத் தூக்கி வீசிட்டு, ‘இது எதுக்கு, சும்மா இடத்தை அடைக்குது’ன்னு சிரிச்சார். உங்கள மாதிரிதான் சம்பந்தி. எதுக்கெடுத்தாலும் கிண்டல். அதான் அன்னைக்கு நீங்க அப்படிக் கேட்டதும் எனக்கு அவரே கேட்ட மாதிரி ஆயிடுச்சு.”

  பிறகு வேறு வேறு பேசினோம். பிரசவம், பேர், யார் ஜாடை வரும்.

நாலு மணிக்குக் கூடாரக்காரர் நாற்காலி எடுக்க வந்தார். ஒவ்வொன்றாக அடுக்கி லாரியில் ஏற்றினார். எங்கள் பக்கம் வந்து கொஞ்ச நேரம் நின்றார். நாங்கள் பேசிக்கொண்டே இருந்தோம். “பரவால்லக்கா, இந்த ரெண்டை நாளைக்கு வந்து எடுத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.