நீ அனுப்பிய கார் பத்திரிகையும் ஆறாம் நம்பர் வேனும்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்பளவில் நன்றாகத்தான் இருக்கிறோம், நீயும் அங்கே காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருப்பாய் என்று நம்பிக்கொண்டு ஆரம்பிக்கிறேன். அம்மாவுக்குக் குதிகால் வலி விட்டபாடில்லை, மருந்துக் கடையில் நாள் முழுக்க நின்றால் வேறென்ன ஆகும், கல்லாவுக்குப் பின்னால் போட்டுக்கொள்ள ரப்பர் விரிப்பு ஒன்று வெட்டிக் கொடுத்தேன், இப்போது பக்கத்தில் நிற்கும் பெண்ணும் ஒன்று கேட்கிறாளாம். நீ பயணிகள் தொலைத்த பெட்டிகளுக்குப் பதில் சொல்லும் அந்த வேலையில் ஒரே காதில் போனை மாட்டிக்கொண்டு எட்டு மணி நேரம் உட்காராதே, காதை மாற்று. நலம் விசாரிப்பு இவ்வளவு போதும், சுற்றி வளைக்க எனக்கு வராது என்று உனக்குத் தெரியும். மூன்று வாரமாக நீ கூப்பிட்டபோதெல்லாம் வேலை இருக்கிறது என்று நழுவினேனே, அது பொய். போனில் சொன்னால் நீ நடுவில் பாய்வாய், நான் கத்துவேன், இரண்டு பேரும் வைத்துவிடுவோம். அதனால்தான் எழுதுகிறேன், கடைசிவரை படித்துவிட்டுத் திட்டு.

நான் மெக்கானிக்காக இருக்கும் பள்ளியின் ஆறாம் நம்பர் வேன் சுவரில் மோதிவிட்டது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், குழந்தைகள் யாரும் உள்ளே இல்லை, எல்லோரையும் இறக்கிவிட்டு வண்டியை ஷெட்டுக்குத் திருப்பும்போது நடந்தது. ஓட்டியது நம் ஆறாம் நம்பர் அக்கா, நீ லீவுக்கு வந்தபோது உன்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஊரைச் சுற்றிக் காட்டினாரே அவர்தான். சலவைக் கடைச் சந்தில் ஸ்டீயரிங்கை இடதுபக்கம் முழுசாக ஒடித்துத் திருப்பியிருக்கிறார், பிரேக் மிதி அடிவரை போய்விட்டது. இந்த மாடலில் பிரேக் இரண்டு பாதியாகப் பிரிந்திருப்பதால் பாதி மட்டும் பிடித்திருக்கிறது, சந்து சரிவு, கீழே ரோட்டில் வேலைக்குப் போகிற கூட்டம். ஹேண்ட் பிரேக்கை இழுத்து வண்டியைச் சுவர் பக்கம் விட்டுவிட்டார். இடது மணிக்கட்டு முறிந்தது. அந்த இடத்தில் நானாக இருந்தால் அவ்வளவு சீக்கிரம் சுவரைத் தேர்ந்தெடுத்திருப்பேனா, தெரியவில்லை.

இப்போது உன் பத்திரிகைக்கு வருகிறேன். அது வந்து சேர்ந்தது விபத்துக்குப் பன்னிரண்டு நாள் முன்னால். கூட நீ எழுதிய நான்கு பக்கத்தை அன்றைக்கு மேலோட்டமாகப் பார்த்தேன், விபத்துக்குப் பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். கடையில் கார் பத்திரிகை கேட்டால் கடைக்காரன் அண்ணனுக்கா என்றானாம், எனக்குத்தான் என்றதும் வீட்டுத் திரைச்சீலை பத்திரிகையை எடுத்து நீட்டினானாம். ஒன்றில் வண்டியின் மேல் ஒரு பெண் சாய்ந்து படுத்திருக்கிறாள், டயருக்கு எவ்வளவு காற்று என்று எங்கேயும் இல்லை. இன்னொன்றில் பெண்களுக்கென்று ஒரு பக்கம், அதில் கைப்பை வைக்க இடமிருக்கிறதா, எந்தக் கலர் எடுப்பாக இருக்கும் என்று மட்டும். மற்றொன்று வீடு விலைக்குக் கார் வாங்குகிறவர்களுக்கு. அதற்கடுத்தது முழுக்க எண்கள், ஓட்டிய மனுஷன் அதில் இல்லவே இல்லை, நம்ம அப்பா பேசற மாதிரி இருந்துச்சு என்று வேறு எழுதியிருக்கிறாய், ரொம்ப நன்றி. ஒன்றரை வருஷம் தேடி, கடைசியில் டயர் கடை பெஞ்சில் டீ கிளாஸுக்கு அடியில் ஒட்டிக்கொண்டு கிடந்த இதைப் பார்த்தாயாம். வண்டி வைத்திருப்பவர்களே எழுதுகிற மெல்லிசுப் பத்திரிகை, கறுப்பு வெள்ளைப் படம், நடுவில் இரண்டு பின். முதல் தடவையா எனக்காக யாரோ எழுதின மாதிரி இருக்குப்பா, பஸ்ஸில் படித்துச் சிரித்து இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டேன் என்று எழுதியிருந்தாய். அந்த வரியின் மேல்தான் அன்றைக்கு நான் ஆயில் டப்பாவை வைத்தேன்.

நீ பென்சிலால் கட்டம் போட்டிருந்த பக்கத்தைப் பார்க்காமல் இல்லை. தையல்காரம்மா ஒருவர் தன் வண்டியைப் பற்றி மாதாமாதம் எழுதுகிற பக்கம். ஓரத்தில் உன் கையெழுத்தில், அப்பா, உங்க ஸ்கூல் வேனும் இதே மாடல்தானே, ஒரு தடவை பாருங்க, என்று தேதி போட்டு எழுதியிருந்தாய். இரண்டு வரி படித்தேன். பட்டறையில் எல்லோரும் இருந்தார்கள், தையல்காரம்மா சாக்பீஸ் வச்சு பிரேக் பார்க்கறாங்களாம்டா என்று உரக்கச் சொன்னேன். பெயின்டர் சிரித்தான், எலக்ட்ரீஷியன் அடுத்து நம்ம வண்டிக்கு ஜாக்கெட் தைச்சுடலாம் என்றான். ஆறாம் நம்பர் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. தம்பி, இடதுபக்கம் முழுசா ஒடிச்சா சர்க்குனு ஒரு சத்தம் வருது, ரெண்டு வாரமா கேக்குது, பாருங்களேன் என்றார். உங்க வளையல் சத்தமா இருக்கும்க்கா என்றேன். அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் பார்த்தேன், பார்க்காமல் விட்டேன் என்று நினைக்காதே. வண்டியைத் தூக்கும் லிஃப்டில் ஏற்றி, டார்ச் அடித்து, விரலை விட்டுத் தடவிப் பார்த்து, ஒன்றுமில்லை என்று சோதனை ஷீட்டில் டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டேன். பத்து நிமிஷம்.

லிஃப்டில் ஏற்றினால் சக்கரம் தொங்கும், நேராக இருக்கும். அப்படிப் பார்த்தால் அந்தக் கோளாறு யார் கண்ணுக்கும் தெரியாது. வண்டி தரையில் நிற்க வேண்டும், உள்ளே ஆள் பாரம் இருக்க வேண்டும், ஸ்டீயரிங் கடைசிவரை ஒடிந்திருக்க வேண்டும், அப்போதுதான் டயர் போய் பிரேக் ஆயில் போகிற ரப்பர் ஹோஸைத் தொடும். பிள்ளைகள் பாரத்தில் அப்படித் தொட்டுத் தொட்டுத் தேய்ந்த ஹோஸ்தான் அன்று காலி வண்டியில் பிரேக்கை மிதித்ததும் அறுந்திருக்கிறது. இதை எனக்குச் சொன்னது என் டிப்ளமோ இல்லை, உன் தையல்காரம்மா. விபத்து நடந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பத்திரிகையை அட்டையிலிருந்து அட்டைவரை படித்தேன். அந்த அம்மா, என் வண்டியின் மூன்றாம் கியர் என் மாமியார் மாதிரி, கூப்பிட்டால் வராது, கூப்பிடாதபோது வந்து நிற்கும் என்று எழுதியிருக்கிறார் பார், அந்த நிலைமையிலும் சிரித்துவிட்டேன், உன் அம்மா பயந்துபோய் எட்டிப் பார்த்தாள். அப்புறம் நீ கட்டம் போட்ட இடம். புது ஹோஸ் மாட்டியதிலிருந்து சத்தம் வந்ததாம். ஹோஸின் மேல் நீளமாக ஒரு வெள்ளைக் கோடு இருக்கும், அது நேராக இல்லாமல் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது. துணியில் இழை இப்படிப் போனால் சட்டை ஒருபக்கம் பிதுங்கும், ரப்பரும் பிதுங்கத்தானே செய்யும் என்று அந்த அம்மாவுக்குத் தோன்றியிருக்கிறது. டயரின் உள்விளிம்பில் தையல் சாக்பீஸைத் தேய்த்து, புருஷனையும் இரண்டு நாத்தனார்களையும் வண்டிக்குள் உட்காரவைத்து, ஸ்டீயரிங்கைக் கடைசிவரை ஒடித்துப் பார்த்திருக்கிறார். ஹோஸில் சாக்பீஸ் ஒட்டியிருந்தது. அவ்வளவுதான் சோதனை. இதைவிட நல்ல சோதனையை எனக்குப் பாடம் எடுத்த யாரும் சொன்னதில்லை.

அந்த வெள்ளைக் கோடு எதற்கு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். முறுக்கிக்கொள்ளாமல் மாட்டத்தான். பள்ளி விடுமுறையில் ஆறு வேனுக்கும் முன்பக்க ஹோஸ் மாற்றியது நான்தான், இரண்டு நாள் வேலையை ஒரே நாளில் முடித்தேன் என்று உன்னிடமே பீற்றிக்கொண்டேன். திங்கட்கிழமை மாலை எல்லோரும் போன பிறகு மீதி ஐந்து வேனையும் வரிசையாக நிறுத்தி, உள்ளே மணல் மூட்டை ஏற்றி, கரும்பலகை சாக்பீஸ் தேய்த்துப் பார்த்தேன். இரண்டாம் நம்பரிலும் ஐந்தாம் நம்பரிலும் ஹோஸில் சாக்பீஸ் ஒட்டியிருந்தது. அந்த இரண்டிலும் காலையில் இருபது இருபது பிள்ளைகள் ஏறுகிறார்கள். ஐந்து வண்டிக்கும் அப்போதே கழற்றி நேராக மாட்டினேன்.

வெட்கக்கேடு இதோடு முடியவில்லை. விபத்தன்று மத்தியானம் பள்ளி நிர்வாகி என்னைக் கூப்பிட்டு, இதுக்கு முன்னாடி பிரேக் பத்தி ஏதாவது புகார் வந்ததா என்று கேட்டார். வரவில்லை என்றேன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை, வாயில் வந்துவிட்டது, ஆனால் வந்த பிறகு திரும்ப எடுக்கவில்லை. வண்டியைப் பார்த்த இன்சூரன்ஸ் சர்வேயரோ மோதலில் ஹோஸ் கிழிந்தது என்று எழுதிவிட்டுப் போனார். ஒரு பக்கம் மட்டும் வழவழவென்று தேய்ந்து நூல் பிரிந்திருக்கிற ஹோஸை மோதலில் கிழிந்தது என்று சொல்கிற ஆள் எந்தக் கல்லூரியில் படித்தார் தெரியவில்லை, ஆனால் அதை அவரிடம் சொல்லாத நான் எந்தக் கல்லூரியில் படித்தேன். பிறகு கேட்க வேண்டுமா, லேடி டிரைவர்தானே, பதட்டத்தில் பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலேட்டரை மிதிச்சிருக்கும் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அக்காவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள், லைசென்ஸை ரத்து செய்யச் சொல்லி எழுதப் போகிறார்களாம். உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சத்தம் போடவில்லை. ரெண்டு பொம்பளைங்க சொன்னாங்க, ஒருத்தி நீங்க பெத்தது, டை கட்டினவன் எவனாவது சொல்லியிருந்தா தரையில படுத்துப் பார்த்திருப்பீங்க என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

நேற்று அக்கா வீட்டுக்குப் போனேன். இரண்டாவது மாடி, ஒற்றைக் கையால் துணி உலர்த்திக்கொண்டிருந்தார், கிளிப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு. உட்காரக்கூட இல்லை, நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், ஹோஸ், முறுக்கு, டிக், நான் சொன்ன பொய், எல்லாம். கோபப்படுவார், அழுவார், இரண்டில் ஒன்று என்று நினைத்துக்கொண்டு போனேன். அவர் கிளிப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டு, அப்ப நான் பிரேக்கைத்தான் மிதிச்சேனா தம்பி என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. பதினேழு வருஷமா ஓட்டறேன், மூணு வாரமா ராவும் பகலும் காலை இப்படியும் அப்படியும் வச்சுப் பார்க்கறேன், என் பொண்ணே நெஜமாவே மாத்தி மிதிச்சுட்டியாம்மானு கேட்டுட்டா, எல்லாரும் சொல்றாங்களேன்னு நானே நம்பிட்டேன் என்றார். வண்டிக்குத்தான் சேதம், மணிக்கட்டு கூடிவிடும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன் நான். ஒரு மனுஷியின் காலைப் பற்றி அவளுக்கே சந்தேகம் வரவைத்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன். இங்க என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது, அங்க வந்து சொல்லுங்க என்று சொல்லிவிட்டு மறுபடி துணியை எடுத்தார்.

நாளைக் காலை பத்து மணிக்குப் பள்ளியில் அக்காவை விசாரிக்கும் கூட்டம். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அது முடிந்திருக்கும். தேய்ந்த ஹோஸ், நான் கையெழுத்துப் போட்ட ஷீட், சாக்பீஸ் ஒட்டிய இரண்டு ஹோஸின் படம், உன் பென்சில் குறிப்போடு அந்தப் பத்திரிகை, நான்கையும் மேஜையில் வைக்கப் போகிறேன். எழுதியும் வைத்திருக்கிறேன், ஒன்றரைப் பக்கம், சாக்கு எதுவும் சொல்லவில்லை. உன் பத்திரிகையைக் கேட்காமல் கொடுக்கிறேன், திரும்பி வராது போலிருக்கிறது, ஒன்றரை வருஷம் தேடிக் கண்டுபிடித்ததை இப்படிச் செய்வதற்கு மன்னித்துக்கொள். என் வேலை நிலைக்குமா என்று கேட்காதே, எனக்கே தெரியாது. நிலைத்தாலும் ஷீட்டில் கையெழுத்துப் போடும் வேலை எனக்கு இருக்காது, இருக்கவும் கூடாது. அக்காவுக்கு வேலை திரும்பக் கிடைக்குமா என்பதும் தெரியாது. ஒரு முறை லேடி டிரைவர் என்று எழுதிவிட்டால் அழிப்பது லேசில்லை. உன் அம்மா மட்டும் இருக்கிற சம்பளத்தில் பார்த்துக்கொள்ளலாம் போய் உண்மையைச் சொல்லுங்கள் என்கிறாள், அவளுக்குக் குதிகால் வலி என்று மேலே எழுதினேனே, அதனால் அந்தப் பேச்சு எனக்கு இன்னும் உறுத்துகிறது.

நீ எனக்காக ஒரு காரியம் செய்ய வேண்டும். அந்தப் பத்திரிகைக்கு எழுது. போன தடவை எழுதட்டுமா என்று நீ கேட்டதற்கு உனக்கெதுக்கு அதெல்லாம் என்றேன், அந்தப் பேச்சை விடு. ஹோஸ் மாற்றும்போது எந்த முனையை முதலில் இறுக்கினால் முறுக்கும், எந்த அளவு பிதுங்கியது, எத்தனையாவது கிலோமீட்டரில் அறுந்தது, எல்லாம் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன், கூட்டாமல் குறைக்காமல் போடு. பள்ளி வேனைப் பார்த்துக்கொள்கிற, டிப்ளமோ படித்த ஒருவனிடம் ஓட்டியவரும் சொன்னார், மகளும் சொன்னாள், அவன் சிரித்தான் என்பதையும் போடு. இதே மாடல் வண்டி எத்தனை பட்டறையில் லிஃப்டில் ஏறி டிக் வாங்கி இறங்குகிறதோ. உன்னைப் போல் பஸ்ஸில் படிக்கிற ஒரு பெண் இன்னொரு பட்டறையில் போய்ச் சொல்லட்டும்.

வேளைக்குச் சாப்பிடு, தூங்கு, வண்டி மேல் இருக்கிற ஆசையை யாருக்காகவும் குறைத்துக்கொள்ளாதே. எல்லா நலமும் உனக்கு வரட்டும், நீ எடுக்கிற காரியம் எல்லாம் நல்லபடி முடியட்டும் என்று நானும் அம்மாவும் மனதார வாழ்த்துகிறோம். ஒன்றை மறந்துவிடாதே. கட்டுரையின் கீழே பெயர் போடும்போது முதலெழுத்தை மட்டும் போட்டு நிறுத்தாதே, உன் முழுப் பெயரையும் போடு. எழுதியது யாரோ ஆண்பிள்ளை என்று நினைத்துக்கொண்டு என் மாதிரி ஆட்கள் மதித்துப் படித்துவிடக் கூடாது. பெண் எழுதியது என்று தெரிந்தே தரையில் படுத்துப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா