அறிக்கையின் இரண்டாம் வரி

பெப்ரவரி 18, செவ்வாய்

வாடை குறைந்துவிட்டது. நல்ல வெயில். உடுப்புத் தோய்க்க நினைத்தது, நடக்கவில்லை.

ரொசலின் அக்காவுக்குத் திருக்கை மீன் முள்ளால் குத்திவிட்டது. அரிப்புக் கிராமத்துக் கரையில், கடற்பாசிக் கயிறு கட்டுகிற இடத்தில், முழங்கால் தண்ணீரில். வலது கால், குதிக்காலுக்கு மேலே. பாசி வளர்க்கும் பன்னிரண்டு பெண்களுக்கும் அவதான் தலைவி. ஆஸ்பத்திரியில் கட்டில் விளிம்பை இறுக்கிப் பிடித்தபடி இருந்தா. அழவில்லை.

"நீ ஏன் பிள்ளை முழுசுறாய், எனக்கெல்லோ குத்தினது" என்றா.

எங்கள் திட்டக் கந்தோர்க் களஞ்சியத்தில் அவர்கள் தண்ணீருக்குள் போடுவதற்கான பன்னிரண்டு சோடி றப்பர் சப்பாத்து. வந்து மூன்று கிழமை. பூட்டும் திறப்பும் என்னிடம்.

19, புதன்

கொழும்புத் தலைமைக் கந்தோருக்கு வெள்ளிக்குள் அறிக்கை. ஆங்கிலத்தில். எங்கள் திட்ட அலுவலர் சேர் கூப்பிட்டுச் சொன்னார்.

"நீர்தானே இஞ்ச பட்டதாரி, எழுதும். அண்டைக்கு வேலையை மனேஜ் பண்ணினது குழுத் தலைவி எண்டு ரெண்டாம் வரியில போடும்."

"ஓம் சேர்."

வேறு என்ன சொல்லியிருக்கிறேன் இதுவரை.

அப்படிப் போனால் தலைவியின் கவனக்குறைவு என்றாகும். போன வருடம் இன்னொரு கிராமத்தில் அப்படி ஒரு வரி எழுதித்தான் குழுவையே மூடினார்கள். மறுத்தால் என் நிரந்தர நியமனம் போய்விடும். அடுத்த மாதம் வரவேண்டியது. பரிந்துரைக் கையெழுத்து சேருடையது.

பஸ்ஸில் யோசித்தது:
அரேஞ்ச் - வான் பிடிப்பது, கதிரை போடுவது.
ஓர்கனைஸ் - நாள் குறித்து, ஆட்களுக்குச் சொல்லி, சாமான் சேர்ப்பது. இது நான்.
சுப்பவைஸ் - பக்கத்தில் நின்று பார்ப்பது. இதுவும் நானாக இருக்க வேண்டும். அன்று கந்தோரில் கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன்.
ஹான்டில் - வந்ததைச் சமாளிப்பது. அக்கா. குத்தின காலோடு தானே ஓட்டோ பிடித்தா.
மனேஜ் - செய், செய்யாதே என்று சொல்ல அதிகாரம் உள்ளவர் செய்வது.

சப்பாத்து வந்த அன்றே கொடுக்கலாமா என்று கேட்டேன். "கொழும்பு ஆக்கள் வரட்டும். பனர் கட்டிப் படம் எடுத்துத்தான் குடுக்கவேணும்" என்றார் சேர். நான் திரும்பக் கேட்கவில்லை.

அம்மா வாசலில். "வேலை நிரந்தரமாம் எண்டு மாமிக்குச் சொல்லிப்போட்டன்."

20, வியாழன்

ஆஸ்பத்திரி. தோடம்பழம் நான்கு. கால் வீங்கிப் பளபளவென்று. அறிக்கை விசயம் சொன்னேன்.

"என்ர பேரையே போடு பிள்ளை. கொழும்பில ஆருக்கு என்னைத் தெரியும். உனக்கு வேலை வேணும்."

"அப்ப குழு?"

போர்வையைக் காலிலிருந்து விலக்கினா. பிறகு, "படம் எடுக்க வருவினமெண்டா என்ர காலையும் எடுக்கச் சொல்லு. பனருக்கு நடுவில."

பக்கத்துக் கட்டில் மனிசி சிரித்துவிட்டா. அக்கா சிரிக்கவில்லை.

21, வெள்ளி

நாலு தரம் எழுதிக் கிழித்தேன். கடைசியில்:

வேலையை ஓர்கனைஸ் செய்தது நான். சுப்பவைஸ் செய்ய வேண்டியவளும் நான், போகவில்லை. திட்டத்தை மனேஜ் செய்பவர் திட்ட அலுவலர். சப்பாத்தைப் படம் எடுக்கும்வரை கொடுக்க வேண்டாம் என்று அவர் சொன்னார், நான் கேட்டு நடந்தேன்.

சேர் இரண்டு தரம் வாசித்தார்.

"உம்மட பேரைப் போட்டது உம்மட விருப்பம். என்ர பேர் ஏன்?"

"குடுக்க வேண்டாமெண்டு சொன்னது நீங்கள் சேர்."

அந்த அறையில் நான் பேசிய மிக நீளமான வசனம்.

தாளைத் தள்ளினார். "வேற சொல்லொண்டு பாரும்."

"பாத்தனான் சேர். இல்லை."

கையெழுத்து வைக்கவில்லை. திங்கள் பார்ப்பம் என்றார்.

23, ஞாயிறு

தேவாலயத்தில் பூசை. பிரசங்கம் எதுவும் காதில் ஏறவில்லை. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

24, திங்கள்

கந்தோரில் இருந்தே எழுதுகிறேன். சேர் வரப் பிந்தியது. 8.40க்கு நானே அறிக்கையைக் கொழும்புக்கு அனுப்பினேன். கையெழுத்து என்னுடையது மட்டும். பிரதி சேருக்கு.

10 மணி. சேர் வந்துவிட்டார், அவரின் மேசையில் போன் அடிக்கிறது. கதவு திறந்துதான் இருக்கிறது.

"ஓம்... வாசிச்சன்... ஓம், பிள்ளை இஞ்சதான் இருக்கிறா."

"கொழும்பு" என்று போனை நீட்டிக்கொண்டு என்னைப் பார்க்கிறார். எழும்புகிறேன்.