விருப்பப் பாட்டில் உன் பெயர்

இன்று பின்னேரம் பஸ் நிலையத்தடியில் யாரோ கச்சான் கடலை வறுத்துக்கொண்டிருந்தார்கள். சூடான மணலும் கச்சான் கோதும் சேர்ந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு இன்றைய தேதி நினைவுக்கு வந்துவிட்டது. அடியே, இன்று எங்கள் நாள். எங்கள் படத்துக்கு இருபத்தைந்து வயது. உப்புவெளி பஸ் வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு, என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது.

உலகமெல்லாம் அந்த இருபத்தைந்தைச் சில மாதங்களுக்கு முன்பே கொண்டாடி முடித்துவிட்டது. போனைத் திறந்தால் கதாநாயகனின் முகம், மெருகேற்றிய பாட்டு, ஆளாளுக்கு ஒரு கண்ணீர். இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் ஆண்டு நிறைவுதான். பத்து என்கிறார்கள், பதினைந்து என்கிறார்கள். படம் வந்தபோது தொட்டிலில் கிடந்ததுகளும் 'அது ஒரு காலம்' என்று எழுதுகின்றன. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்றையும் பார்க்கவில்லை. நீ சொன்னதுதான் எனக்கும் சட்டம்: "சென்னையில வந்த நாள் சென்னைக்காரருக்கு. எங்களுக்கு நாங்கள் பார்த்த நாள்தான் நாள்."

நாங்கள் பார்த்தது சும்மாவா? படம் அங்கே ஓடி முடிந்து, பாட்டெல்லாம் எங்களுக்கு மனப்பாடமாகி, அதற்குப் பிறகுதான் படப்பெட்டி திருகோணமலைக்கு வந்து சேர்ந்தது. இருட்டுவதற்குள் நீ சோதனைச் சாவடிகளைத் தாண்டி சாம்பல்தீவுக்குப் போய்விட வேண்டும் என்பதால், சூடான கச்சான் பொட்டலத்தோடு பகல் காட்சிக்குப் போனோம். எங்கள் பாட்டு பாதியில் நிற்கும்போது கறண்ட் போய்விட்டது. இருட்டில் யாரோ ஒருத்தி மிச்சத்தைப் பாடத் தொடங்கினாள். பக்கத்தில் இருந்த நீதான் அது என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு தியேட்டர் முழுவதும் பாடியது. ஜெனரேட்டர் போட்டு, விட்ட இடத்திலிருந்து திரையில் அந்தப் பாட்டு ஓடியபோது, அது எங்கள் பாட்டு அளவுக்கு நன்றாக இல்லை என்று இரண்டு பேரும் முகத்தைச் சுளித்துக்கொண்டோம்.

அடுத்த வருடம் அதே நாளுக்கு, படத்தின் ஆண்டு நிறைவென்று எழுதி, அந்தப் பாட்டைக் கேட்டு வானொலிக்குத் தபாலட்டை போட்டோம். விரும்பிக் கேட்பவர்கள் என்று உன் பெயர், என் பெயர். எது முதலில் என்று அதற்கும் ஒரு சண்டை பிடித்தாய். அறிவிப்பாளர் இரண்டையும் வாசித்துவிட்டு, படம் வெளியான நாள் இதுவல்ல என்று பணிவாகத் திருத்தினார். உனக்கு வந்த கோபம்!

"அவருக்கென்ன விசரே? அவர் கொழும்பில இருந்து பார்த்திருப்பார். எங்கட ஊருக்குப் பெட்டி வந்த நாள் அவருக்குத் தெரியுமோ?"

மறு வருடமும் அதே நாளுக்கே போட்டாய். அவர் மறுபடி திருத்தினார். அதற்கடுத்த வருடம் அவர் தோற்றுப்போய், "திருகோணமலையில் இன்றுதான் ஆண்டு நிறைவாம்" என்று சிரித்துக்கொண்டே பாட்டைப் போட்டார். நீ கலியாணம் முடித்தாய், நான் முடித்தேன், சுனாமியில் கடல் வந்து உன் குசினியை அடுப்போடு அள்ளிக்கொண்டு போனது, தபாலட்டை போய் வட்ஸ்அப் வந்தது. இரண்டு பெயரும் வானொலியில் வருவது மட்டும் நிற்கவில்லை. பாட்டுப் போகும்போது எனக்குப் போன் எடுப்பாய். ஆனால் பேச விடமாட்டாய். "கதைச்சா பாட்டுப் போயிடும், பேசாம இரு" என்பாய்.

யோசித்துப் பார்த்தால் படத்துக்கு ஏது வயது? அதன் கதாநாயகி இன்றைக்கும் அதே மஞ்சள் தாவணியில்தான் ஓடிக்கொண்டிருக்கிறாள். நாங்கள் எண்ணியது எங்களைத்தான். ஆர் இருக்கினம், ஆர் இல்லை என்று தெரியாத அந்த வருடங்களில், இரண்டு பேரும் இன்னும் இருக்கிறோம் என்று சொல்ல எங்களுக்குக் கிடைத்த வழி அது. பிறகு பழகிவிட்டது.

மகரகமை புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கட்டிலில் கிடந்தபோதும் உனக்கு அதே கதைதான். "இருபத்தைந்தாவதுக்கு என்ர பெயரை முதல்ல போடு. வருத்தக்காரிக்கு விட்டுக்குடுக்க மாட்டியோ?" என்று கேட்டாய். "போடுறன், நீ முதல் இந்தக் கஞ்சியைக் குடி" என்றேன். நீ குடிக்கவில்லை.

அதன் பிறகு வானொலியில் உன் பெயர் ஒரு காலையில் வந்தது, மரண அறிவித்தலில். 'சாம்பல்தீவைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட' என்று தொடங்கி, மனைவி, தாயார், சகோதரி என்று அடுக்கிக்கொண்டே போனார்கள். முந்தின நாள் முழுக்க உன் உடம்புக்குப் பக்கத்தில் இருந்துவிட்டு வந்தவள் நான். ஆனாலும் அந்தக் குரல் சொன்னபோதுதான் நீ செத்துப்போனது எனக்கு உறைத்தது. இந்த வானொலியில் உன் பெயர் கடைசியாக வந்தது இப்படியாக இருக்கக் கூடாது என்று அன்றே நினைத்துக்கொண்டேன்.

அதனால்தான் இன்று பஸ்ஸை விட்டுவிட்டு, அந்தச் சனத்துக்கு நடுவிலேயே நின்று போனில் வானொலிக்குப் பேசி அனுப்பினேன். உன் பெயர் முதலில். வீட்டுக்கு வந்து கதிரையை இழுத்துப் போட்டு ரேடியோவுக்குப் பக்கத்தில் இருந்தேன். அறிவிப்பாளர் புதுப் பிள்ளை, சின்னக் குரல். சாம்பல்தீவிலிருந்து என்று சொல்லி உன் பெயரையும், உப்புவெளியிலிருந்து என்று சொல்லி என் பெயரையும் வாசித்தாள். "இந்த இரண்டு தோழிகளும் இன்னும் நெடுங்காலம் சேர்ந்திருந்து கேட்க வாழ்த்துகள்" என்றாள். நான் வாய்விட்டு அழுதேன்.

பாட்டு முடியுமுன் போன் அடித்தது. உன் நம்பர். பதறி எடுத்தேன். உன் மகள்.

"அன்ரி, நீங்களோ அம்மாவின்ர பெயரைக் குடுத்தனீங்கள்?"

"ஓம் மகள்."

"அப்பா தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருந்தவர். அப்பிடியே வைச்சிட்டு எழும்பிப் போயிட்டார். வாசல் படலையடியில நிண்டு அழுகிறார். கோவிக்காதேங்கோ அன்ரி, இனிப் போடாதேங்கோ. அவரால ஏலாது."

அந்தப் பிள்ளையைக் கோவிக்க என்ன இருக்கிறது? எனக்கு வருடத்தில் ஒரு நாள் நீ வேண்டியிருந்தது. அந்த மனிசன் நாளும் பொழுதும் நீ இல்லாத வீட்டில் எழும்ப வேண்டியிருக்கிறதே. "ஓம் பிள்ளை, இனிப் போட மாட்டன்" என்று சொன்னேன்.

சொல்லிவிட்டேன், இனி மாற்ற ஏலாது. என் பெயரைத் தனியே கொடுத்து அந்தப் பாட்டைக் கேட்கவும் எனக்கு மனம் வராது. உன் பெயரை ஊர் கேட்கச் சொல்ல எனக்கென்று இருந்தது அந்த ஓர் இடம்தான். அதுவும் இன்றோடு போயிற்று. இந்த மடலிலும் உன் பெயரை எழுதக் கை வரவில்லை. வாய்க்குள்ளேயே வைத்திருக்கிறேன்.