மருந்து போடாத மாடு

ஆவணி, செவ்வாய்க்கிழமை

இண்டூர் மாதம்மா அக்கா மாட்டுக்குக் காய்ச்சல். மூத்திரம் காப்பி நிறத்துல போகுது. மாசாமாசம் அந்த மாட்டுலதான் உண்ணி எடுத்து ஆய்வுக்கு அனுப்புறேன். "நான் வந்து எடுக்கற வரைக்கும் உண்ணி மருந்து போடாதீங்கக்கா"ன்னு சொன்னவனும் நான்தான். போன மாசம் மழைன்னு போகல. போன் பண்ணிக்கூடச் சொல்லல.

"நீங்க வருவீங்கன்னுதாங்க சார் மருந்து போடாம வெச்சிருந்தன்"னாங்க. குரல்ல கோவமே இல்ல. டாக்டரைக் கூப்பிட்டேன். உண்ணியால வந்த நோய்தான்னு சொல்லி ஊசி போட்டாரு. பொழைக்குமான்னு கேட்டதுக்குப் பாக்கலாம்னாரு.

அவர் வர்றதுக்கு முன்னால நடந்ததுதான் மனசை அறுக்குது. மாட்டுக் காதை மடக்கினேன். உள்ள கொத்துக்கொத்தா உண்ணி. இவ்வளவு ஒரு தடவைகூடக் கிடைச்சதில்லைன்னு சிரிச்சுட்டேன். என் மூஞ்சியப் பாத்துட்டு, "அப்ப ஒண்ணும் பயமில்லீங்களே சார்?"னு அக்காவும் சிரிச்சாங்க.