டயருக்குள் நுழைந்த டிக்காஷன்

ஜூலை 7, திங்கள்

தூறல். பல் தேய்த்துக் கொப்பளித்தபோது இடது வாயோரம் தண்ணீர் தானாக வழிந்தது. கண்ணாடியில் பாதி முகம் என்னுடையது. மறுபாதி தூங்குகிறது. இடது கண் மூடவே இல்லை. கணவர் சேகர் பீன்யா ஃபேக்டரி ஷிப்டை விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தார். பக்கவாதம் இல்லை, முக நரம்பில் வீக்கம் என்றார் டாக்டர். மாத்திரை, சொட்டு மருந்து, தூங்கும்போது கண்ணுக்கு டேப்.

“சரியாயிடும்மா. சில வாரம் ஆகும், சில மாசமும் ஆகலாம்.”

கண் கிளினிக்கில் முன் மேஜையில் உட்கார்ந்து டோக்கன் கூப்பிடுகிறவள் நான். எனக்கே கண் மூடவில்லை.

ஜூலை 9, புதன்

மொட்டை மாடி. காற்று. வெள்ளை வாத்து பன்னு, பழுப்பு வாத்து டிக்காஷன். விசில் அடித்தால் இரண்டும் ஓடிவந்து வரிசையில் நிற்கும். இரண்டு வருஷத்தில் நான் கற்றுத்தந்த ஒரே வித்தை. இன்று உதடு குவியவில்லை. வெறும் காற்று. தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு தண்ணீர் டப்பில் இறங்கிவிட்டன. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அழும்போதும் முகம் ஒரு பக்கம்தான் சுருங்கியது.

ஜூலை 11, வெள்ளி

மேனேஜர் போன். “மல்லிகா, லீவ் முடிஞ்சு வாங்க, பிரச்சனை இல்ல. ஆனா ஃப்ரண்ட்ல வேணாம். ஃபைல் ரூம்ல உக்காருங்க. பேஷண்ட்ஸ் பாத்தா ஒரு மாதிரி இருக்கும்ல?”

சரி சார் என்று வைத்துவிட்டேன். ஏன் சரி சொன்னேன்?

ஃபைல் ரூமுக்கு ஜன்னல் கிடையாது.

வாங்க வேண்டியவை: சொட்டு மருந்து, ஸ்ட்ரா, காய்ந்த பட்டாணி.

ஜூலை 14, திங்கள்

விசில் இல்லாவிட்டால் என்ன, கை இருக்கிறதே. ஊறவைத்த பட்டாணி, நீளக் கரண்டி. கரண்டி நுனியை அலகால் தொட்டால் ஒரு பட்டாணி. டிக்காஷனுக்கு நாலாவது தடவையில் புரிந்தது. பன்னு என் கொலுசைக் கொத்தியது.

ஜூலை 17, வியாழன்

மருந்து போட்ட கண்ணில் எல்லாமே பனி. கரண்டியை மெல்ல வட்டமாகக் கொண்டுபோனேன். டிக்காஷன் பின்னாலேயே ஒரு முழுச் சுற்று. மறுபடி. மறுபடி. தூரத்தில் பன்னு தரையே இல்லாத மாதிரி மிதந்து வந்தது. ஏரிப் பக்கமிருந்து ஈரக்காற்று. நானும் சுற்றினேனா, தெரியவில்லை. கீழே அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்தே போய்விட்டது.

“எங்க இருந்த?” சேகர்.

“மாடியில.”

“அது தெரியுது. மனசு எங்க இருந்துச்சு?”

மத்தியானக் கனவு: கிளினிக் பெஞ்சு முழுக்க வாத்துகள். ஒவ்வொன்றாக எழுந்து, ஒரு கண்ணை இறக்கையால் மறைத்துக்கொண்டு, போர்டில் எழுத்து படிக்கிறது. யாருக்கும் அவசரமில்லை.

ஜூலை 22, செவ்வாய்

சேகர் பழைய ஸ்கூட்டர் டயரைக் கம்பி கட்டி நிறுத்தித் தந்தார். டிக்காஷன் கரண்டியைத் தொடர்ந்து உள்ளே நுழைந்து மறுபக்கம் வந்தது! பன்னு டயரைச் சுற்றிக்கொண்டு போய் நின்று பட்டாணி கேட்டது. சிரித்தேன். உடனே கையால் வாயை மூடிக்கொண்டேன். யாருமே இல்லாத மாடியில்.

யாருமில்லை என்று நினைத்தது தப்பு. படியில் வீட்டுக்கார ரத்னாம்மா, கன்னடம் கலந்த தமிழோடு. ஞாயிறன்று மருமகளுக்கு வளைகாப்பு, விருந்து மாடியில்தான்.

“எல்லாருக்கும் இத காட்டு கண்ணு.”

“வேணாம்மா. முகம் இப்படி இருக்கு...”

“உன் முகத்த யாரு நோடப் போறாங்க? வாத்த பாப்பாங்க. ஆய்த்து, வா.”

ஜூலை 27, ஞாயிறு

மேகமூட்டம். முப்பது பேராவது இருப்பார்கள். மாஸ்க் போட்டுக்கொண்டு போனேன். டிக்காஷன் என்னைப் பார்த்ததும் பின்வாங்கியது. கரண்டியை நீட்டினேன். இரண்டும் கத்திக்கொண்டு டப் இருந்த மூலைக்கு ஓடின. இவள் வேறு யாரோ என்று நினைத்துவிட்டன. கூட்டம் காத்திருந்தது. எனக்குக் காது சுட்டது. ரத்னாம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

மாஸ்க்கைக் கழற்றினேன்.

டிக்காஷன் ஒரு நிமிஷம் பார்த்தது. பிறகு ஆடி ஆடி வந்து கரண்டியைத் தொட்டது. ஒரு சுற்று. டயருக்குள் நுழைந்து வெளியே. கைதட்டல். பன்னு நேராகச் சந்தனக் கிண்ணத்துக்குப் போய் அலகை முக்கியது. மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும். கையால் வாயை மூட மறந்துவிட்டேன்.

பின்னால் இரண்டு குரல்:

“பாவம், வாய் கோணிக்கிச்சு பாரு.”

“இருந்தா என்னடி, எவ்ளோ பொறுமை பாரு அவளுக்கு.”

இரண்டும் காதில் விழுந்தன. இரண்டும் நிஜம்தான்.

ஜூலை 28, திங்கள்

வெயில். கிளினிக். ஃபைல் ரூமில் எனக்காக நாற்காலி போட்டிருந்தார்கள். நான் முன் மேஜையில் உட்கார்ந்தேன். மாஸ்க் இல்லை. மேனேஜர் வந்தார்.

“மல்லிகா, உங்களுக்கு அங்க...”

“இங்கயே உக்காந்துக்கறேன் சார். இது என் சீட்டு.”

அவர் பெஞ்சைப் பார்த்தார். பாதிப் பேர் சொட்டு மருந்து போட்டுக் கண்ணை மூடியிருந்தார்கள். முன்வரிசை அம்மா மட்டும் கேட்டார்: “முகத்துக்கு என்னாச்சும்மா?”

“நரம்பு. சரியாயிடும்.”

“எனக்குக் கண்ணுல புரை. இன்னும் எத்தன பேர் இருக்காங்க?”

மேனேஜர் போய்விட்டார்.

டோக்கன் பதினாறு. ‘ஃபதினாறு’ என்றுதான் வந்தது. உதட்டை விரலால் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை, சத்தமாக. நீலச் சட்டைக்காரர் ஒருவர் கையிலிருந்த டோக்கனைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.