மீராவுக்கு இனி ஆள் தேவையில்லை

நவம்பர் 3, திங்கள்

மழையும் பனியும் கலந்து கொட்டுது. இஞ்சை ஒஸ்லோவிலை அம்மருட் ரெயின் ஸ்ரேசன் படியெல்லாம் வழுக்கல். சப்பாத்து ரெண்டும் ஈரம். புதுசு வாங்கவேணும், போன வருசமும் இதைத்தான் எழுதினனான்.

பத்து மணிக்கு இங்குன் எங்கள் எழுத்தாளர் மூண்டு பேரையும் உள்ளை கூப்பிட்டுக் கதவைச் சாத்தினா. தலைமை எழுத்தாளர் அவ. ஒன்பது வருசத்திலை அந்தக் கதவு சாத்தி நான் காணேல்லை. முதல் ஒரு கடதாசி. இஞ்சை கேக்கிறதை வெளியிலை கதைக்கமாட்டம் எண்டு ஒப்பம். வச்சன். எல்லாரும் வச்சவை.

பிறகு சொன்னா. வாற வசந்த காலத்தோடை எங்கடை ரிவித் தொடர் முடியுது. பின்னேரம் ஆறு மணிக்கு ரிவிக்கு முன்னாலை குந்துற சனம் இப்ப இல்லையாம். ஆனால் ஆறு பாத்திரங்கள் போனிலை தொடரும். ஒண்டரை நிமிசத் துண்டுகள். நடிகர் ஒருத்தரும் வரத் தேவையில்லை. பழைய பதிவுகளிலையிருந்து முகத்தையும் குரலையும் கொம்பியூட்டர் எடுத்துத் தானே நடிக்கும்.

"அப்ப எழுத எத்தினை பேர்?" எண்டு பக்கத்திலை இருந்தவன் கேட்டான்.

"ஒராள் காணும்." இங்குன் என்னைப் பாத்தா. "முதல் வாறது மீரா. மீராவை உன்னைவிட ஆர் எழுதுறது, ரஞ்சினி?"

மீரா தொடரிலை வாற தமிழ்த் தாதி. நான் உண்டாக்கின ஆள். நடிக்கிறது தர்சி. தேவாலய நத்தார் நாடகத்திலை அவளைப் பாத்திட்டு நான்தான் கூட்டிக்கொண்டு போனது. முதியோர் இல்லத்திலை நிரந்தர வேலை இருந்தது அவளுக்கு. நான் கேட்டபடியால் விட்டவள்.

வேலையும் வரும், தர்சியும் இருக்கமாட்டாள். ரெண்டும் ஒரே வசனத்திலை.

பின்னேரம் கடையிலை கத்தரிக்காய், மஞ்சள்தூள், பல்ப். பல்ப் மறந்து போச்சு.

நவம்பர் 4, செவ்வாய்

மப்பு வானம். மூண்டரைக்கே லைற் போட்டாச்சு.

தர்சி மத்தியானம் போன் எடுத்தாள். சந்தோசக் குரல்.

"அக்கா, புது ஒப்பந்தம் வந்திருக்கு. பதினொரு பக்கம். ஒருக்காப் பாத்துச் சொல்லுறியளோ? வெள்ளி ரெண்டு மணிக்கு முதல் ஒப்பம் வச்சு அனுப்பவேணுமாம்."

"ஒவ்வொரு வருசமும் வாறதுதானே" எண்டன்.

"அதுதான். உங்கடை கண் ஒருக்காப் பட்டாக் காணும். வியாழன் வீட்டை வாங்கோ. அம்மாவும் கேட்டவ."

வாறன் எண்டு சொல்லிப்போட்டன். தொடர் முடியப் போகுதெண்டு நடிகர்மாருக்குச் சொல்லேல்லை, ஒப்பந்தம் மட்டும் அனுப்பியிருக்கினம். என்னத்துக்கெண்டு எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

இவரிட்டைச் சொன்னன். சொல்லக்கூடாது, சொல்லிப்போட்டன். பஸ் ஓடிக் களைச்சு வந்து சாப்பிட்டுக்கொண்டு இருந்தார். கோப்பையைப் பாத்தபடியே, "நீ ஒப்பம் வச்சிட்டாய். வாயைத் திறக்காதை" எண்டார்.

"தர்சி எங்கடை பிள்ளை மாதிரியப்பா."

"ஐம்பத்திமூண்டு வயசிலை உன்னை இனி ஆர் எடுப்பினம்? அதை யோசி."

யோசிச்சனான். அதைத்தான் முழுநாளும் யோசிச்சனான்.

நவம்பர் 5, புதன்

வேலை வீட்டிலையிருந்து. எழுதினது அரைப் பக்கம்.

சனிக்கிழமை நூலகத்திலை பேச்சு. "தொலைக்காட்சித் தொடர்கள், நேற்றும் நாளையும்." எங்கடை ஆக்களும் வருவினம், நோர்வே ஆக்களும் வருவினம். தர்சியும் என்னோடை மேடையிலை. ஓகஸ்டிலை ஓமெண்டது. குறிப்பு:

– சோப் விக்கிற கொம்பனியள் வானொலியிலை தொடங்கினது. வீட்டிலை வேலை செய்யிற பெம்பிளையளுக்கு. அதாலைதான் சோப் ஒப்பரா எண்டு பேர்.
– இந்தியாவிலை முதல் கிழமைக்கு ஒருக்கா. பதின்மூண்டு பாகத்திலை முடிஞ்சிடும்! பிறகு செற்றலைற் வந்து ஒவ்வொரு நாளும், வருசக்கணக்கா.
– எங்களுக்கு ஊரிலை கறண்டே இல்லை. கசெற்றிலைதான் பாத்தது, அதுவும் வெளிநாடு வந்து.
– இறந்தவை திரும்பி வாறது. இரட்டைப் பிறவி, முகமாற்றுச் சிகிச்சை. (சிரிப்பு வரும்.)
– நாளை: ?

ஹம்மர்பெஸ்டையும் சொல்லவேணும். நோர்வே வந்த புதுசிலை வடக்கிலை நான் வேலை செய்த மீன் பக்ரறி, சாப்பாட்டு அறை மூலையிலை ரிவி. அமெரிக்க நாடகம், கீழை நோர்வே மொழியிலை எழுத்து ஓடும். மீன் செதிள் ஒட்டின கையோடை பாத்து அந்தச் சொல்லுகளைக் கொப்பியிலை எழுதினன். "நீ எனக்குப் பொய் சொன்னாய்." "குழந்தை அவருடையதல்ல." நான் படிச்ச முதல் நோர்வே வசனங்கள் இதுகள்தான். பாண் வாங்கக் கேக்கத் தெரியாது, துரோகம் எண்டு சொல்லத் தெரியும். பக்கத்து மேசைப் பெம்பிளையள் விழுந்து விழுந்து சிரிச்சவை.

"நாளை" எண்டதுக்கு எதிரை கேள்விக்குறியோடை விட்டிட்டன்.

நவம்பர் 6, வியாழன்

தர்சி வீட்டை போனன்.

மேரி அன்ரி, தர்சியின்ரை தாய், மன்னார்க்காரி. சோபாவிலை கால் நீட்டிக்கொண்டு சென்னை நாடகம் பாத்துக்கொண்டிருந்தா. "வா பிள்ளை. இந்த மாமியாருக்கு விசம் குடுத்தது ஆர் எண்டு சொல்லு பாப்பம். நீயும் எழுதுறனிதானே."

"மருமகள் இல்லை அன்ரி."

"எனக்கும் அதுதான்." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனால் எனக்கு மீராவின்ரை நாடகம்தான் பெரிசு. முழுக்க விளங்காது. அவள் தாயோடை போனிலை தமிழிலை கதைப்பாளே, அதுக்காகப் பாக்கிறன். என்ரை மகள் என்னோடை கதைக்கிறதைவிட அங்கை வடிவாக் கதைக்கிறாள்."

தர்சி குசினியிலை இருந்து, "அம்மா, கேக்குது!" எண்டாள்.

குசினி மேசையிலை ஒப்பந்தம். எட்டாம் பக்கம் வரைக்கும் வழக்கமானது. ஒன்பதாம் பக்கத்திலை நாலு வரி. இருக்கிற பதிவுகளைக் கொண்டு புதிய நடிப்பு உருவாக்கலாம், எந்த வடிவத்திலையும், காலவரையறை இல்லாமல். மூண்டு தரம் வாசிச்சன். தர்சி எனக்கு முதுகு காட்டி நிண்டு றால் பொரிச்சுக்கொண்டிருந்தாள்.

வாய் திறந்தன். வந்தது இதுதான்:

"நடிகர் சங்கத்திலையும் ஒருக்காக் காட்டன்."

திரும்பினாள். "ஏன்? ஏதும் பிழையா இருக்கோ?"

ரிவியிலை ஆரோ ஓவெண்டு அழுகினம். இங்குனின்ரை முகம், இவரின்ரை முகம், என்ரை ஒப்பம். எல்லாம் ஒண்டா வந்தது.

"இல்லை. சும்மாதான்."

"அப்ப சரி. நீங்கள் பாத்தாப் போதும்."

றால் சாப்பிட்டன். நல்லா இருந்தது. அதுதான் இன்னும் தாங்கேலாமல் இருக்கு.

நவம்பர் 7, வெள்ளி

கடுங்குளிர். ரோட்டெல்லாம் ஐஸ்.

காலமை பதினொண்டுக்கு மாதிரி ஒண்டு காட்டினவை. ஒண்டரை நிமிசம். மீரா போனை எடுக்கிறாள், தாய் செத்துப் போன செய்தி, அழுகிறாள்.

அதே மீரா. அதே மூக்குத்தி. அழுகிற காட்சியிலை தர்சி கண்ணீர் விடுறதில்லை. சுவர்ப்பக்கம் திரும்புவாள், தோள் மட்டும் ஆடும். முதல் வருசமே நெறியாளர் எத்தினை தரம் கேட்டும், "என்னாலை ஆக்களுக்கு முன்னாலை அழ ஏலாது" எண்டவள். சனம் அந்த முதுகைப் பாத்துத்தான் அழுதது.

திரையிலை இருந்தது கமராவை நேராப் பாத்துப் பொலபொலவெண்டு அழுதது. பிறகு, "அம்மா, என்னை விட்டுட்டு போயிட்டியேம்மா" எண்டது. சென்னைத் தமிழ். தர்சியின்ரை குரலிலை.

"தமிழ் சரியோ?" எண்டு இங்குன் கேட்டா.

"இவள் இப்பிடிக் கதைக்கமாட்டாள்."

"அதைத் திருத்தத்தானே நீ இருக்கிறாய்."

அப்பதான் விளங்கினது. தர்சி எப்பிடித் தாயோடை கதைப்பாள், எங்கை மூச்சு எடுப்பாள், எல்லாத்தையும் நானே அதுக்குச் சொல்லிக் குடுக்கவேணும். மேரி அன்ரி வித்தியாசம் கண்டுபிடிக்காத அளவுக்கு.

திருத்தக் கூட்டம் ஒரு மணிவரைக்கும் இழுத்தது, கழிப்பறைக்கு எண்டு சொல்லி எழும்பினன். தர்சிக்குப் போன் அடிச்சன். எடுக்கேல்லை. படப்பிடிப்பு நாள், போனை வாங்கிப் பெட்டியிலை வச்சிருப்பினம். கோட்டை எடுத்துக்கொண்டு இறங்கிட்டன். ஒண்டு பத்து. டி-பானே ரெயின் ஏழு நிமிசம் பிந்தும் எண்டு பலகையிலை. நிண்ட இடத்திலை நடந்தன். ஏழு, எட்டாச்சு. ஒரு மனிசி "எல்லாம் சரியோ?" எண்டு கேட்டா. இல்லை எண்டன். நோர்வேயிலை அப்பிடி ஒருத்தரும் பதில் சொல்லுறதில்லை, அவ பயந்து போனா.

ஸ்ரூடியோ ஒண்டு ஐம்பதுக்கு. ஓட்டம். தர்சி ஒப்பனை அறையிலை, தாதி உடுப்போடை.

"ஒப்பம் வைக்காதை" எண்டன். மூச்சு வாங்குது.

கண்ணாடியிலை என்னைப் பாத்தாள். "நேற்றே வச்சு அனுப்பிட்டன் அக்கா. நீங்கள் போன கையோடை."

பக்கத்துக் கதிரையிலை இருந்திட்டன். எல்லாம் சொன்னன். வசந்தம், போன், கொம்பியூட்டர், ஒன்பதாம் பக்கம், காலமை பாத்த அழுகை. எழுதுறது நான் எண்டதையும்.

கையிலை இருந்த ஒப்பனைப் பஞ்சை மேசையிலை வச்சாள். பிறகு, "எப்ப தெரியும்?"

"திங்கட்கிழமை."

"அப்ப நேற்று என்ரை குசினியிலை இருக்கேக்கை தெரியும்."

"ஓம்."

ஆரோ கதவிலை தட்டி, "மீரா, ரெண்டு நிமிசம்" எண்டினம். எழும்பிப் போனாள். கதவைச் சாத்தேல்லை. நான் அந்தக் கதிரையிலையே இருந்தன்.

நவம்பர் 8, சனி

வெயில்! பல்லைக் காட்டுற வெயில், மைனஸ் ஆறு.

நூலகத்திலை நாப்பது பேரளவிலை. ரெண்டு மணிக்குத் தர்சியின்ரை கதிரை காலி. மேரி அன்ரியும் வரேல்லை. தர்சிக்குக் காய்ச்சல் எண்டு நானே சொல்லிப்போட்டன். இன்னொரு பொய்.

தொடங்கினன். சோப், வானொலி, ஹம்மர்பெஸ்ட். இரட்டைப் பிறவிக்குச் சிரிச்சவை. புதுசா ஒஸ்லோ வந்த சென்னைப் பொம்பிளை ஒராள், "எங்க ஊர்ல மாமியார் சாகவே மாட்டாங்க மேடம்" எண்டா. எல்லாரும் கலகலப்பு. பாதியிலை கதவு திறந்தது. தர்சி. குளிர்க்கோட்டைக் கழட்டாமல் கடைசி வரிசையிலை குந்தினாள்.

கேள்வி நேரம் அவள் கை உயர்த்தினாள். நோர்வே மொழியிலை கேட்டாள், எல்லாருக்கும் விளங்கட்டுமெண்டு.

"நாளைக்கு மீராவாக ஆர் நடிக்கிறது?"

சனம் பகிடி எண்டு சிரிச்சது. நான் ஒப்பம் வச்ச கடதாசியை நினைச்சன். முன்வரிசையிலை இவர். தலையைக் குனிஞ்சிட்டார்.

"ஒருத்தரும் இல்லை" எண்டன்.

பிறகு எல்லாம் சொன்னன். நோர்வே மொழியிலை ஒருக்கா, தமிழிலை ஒருக்கா. ஒருத்தர் போனிலை பதிவு செய்யிறதையும் கண்டன், நிப்பாட்டேல்லை. கடைசியா, "இதைத் தர்சிக்கு வியாழக்கிழமை சொல்லியிருக்கவேணும். என்ரை வேலைக்காகச் சொல்லாமல் விட்டனான்" எண்டன்.

கைதட்டல் இல்லை. சென்னைப் பொம்பிளை மட்டும் எழும்பி வந்து தண்ணிப் போத்தல் தந்தா. நிமிர்ந்து பாக்கத் தர்சியைக் காணேல்லை.

வீட்டு லிப்ற்றிலை இவர், "குடிச்சனியோ, அந்தத் தண்ணியை?" எண்டார்.

நவம்பர் 10, திங்கள்

ஒன்பது பத்துக்கு இங்குன் கூப்பிட்டா. நூலகப் பதிவு அவவின்ரை கொம்பியூட்டரிலை.

"நீதானே?"

"ஓம். நான்தான்."

"உனக்காக மேலிடத்தோடை எவ்வளவு சண்டை பிடிச்சனான் தெரியுமோ?" கண் சிவந்திருந்தது. சண்டை பிடிச்சிருப்பா. பொய் சொல்லுற ஆளில்லை அவ. "ரஞ்சினி, எல்லாருக்கும் இதுதான் நடக்கப் போகுது. நீ நிப்பாட்டிப்போட்டாய் எண்டு நினைக்காதை."

"நினைக்கேல்லை."

வேலை போச்சு. வாசல் அட்டையைத் திருப்பிக் குடுத்தன். மேசையிலை இருந்தது: பேனை மூண்டு, தேயிலைப் பெட்டி, மீராவின்ரை குணங்களெண்டு முதல் வருசம் எழுதின கொப்பி. கொப்பியை எடுக்கலாமோ எண்டு கேட்டன். அது நிறுவனத்தின்ரையாம். விட்டிட்டு வந்தன்.

இவருக்கு மெசேச். பதில்: "மத்தியானம் வாறன். சமைக்காதை."

நவம்பர் 12, புதன்

பனி. முழுக்க வெள்ளை, அள்ளுற வண்டியின்ரை சத்தம்.

வேலை தேடுற இடத்திலை பதிஞ்சன். கடைசியாச் செய்த வேலை: "ஆக்களை எழுதினன்" எண்டு போட்டு அழிச்சன்.

நாலு மணிக்குத் தர்சி போன் எடுத்தாள்.

"அக்கா. சங்கத்தின்ரை வக்கீல் கதைச்சவர். கொம்பனி தங்கடை பக்கம் இன்னும் ஒப்பம் வைக்கேல்லையாம். நூலகக் கதை வெளியிலை வந்தபடியால் சண்டைக்கு நிக்கேல்லை. என்ரையிலை ஒன்பதாம் பக்கத்தை எடுத்திட்டினம். வேறை ரெண்டு பேரும் எடுப்பிச்சிட்டினம். மிச்ச மூண்டு பேரும் சம்மதமாம்."

"மீரா?"

"வசந்தத்தோடை முடியிறாள். நான் முதியோர் இல்லத்துக்குக் கேட்டு எழுதியிருக்கிறன்."

நான் விட வச்ச வேலைக்கே.

"அம்மா உங்களைக் கேட்டவ" எண்டாள். "நான் ஒண்டும் சொல்லேல்லை. அவ உங்களோடை கதைக்கலாம். எனக்குக் கொஞ்ச நாள் செல்லும், அக்கா. எவ்வளவு எண்டு தெரியாது."

"ஓம்" எண்டன். "ஓம் தர்சி."

வைக்கேல்லை. ரெண்டு பேரும் போனைப் பிடிச்சபடி. அந்தப் பக்கம் பஸ் ஒண்டு வந்து நிண்ட சத்தம், கதவு திறக்கிற சத்தம்.

"என்ரை பஸ்" எண்டிட்டு வச்சிட்டாள்.